பாலைநிலம் சூட்டிய பெயர்கள்



சோனாப்பூர் என்ற இந்திச் சொல்லுக்குப் பொன் நகரம் என்று பொருள். துபாய் அரசின் ஏடுகளில் இந்த இடத்தின் பெயர் முஹைஸ்னா. சோனாப்பூர் என்பது இங்கே அடுக்குக் கட்டில்களில் படுத்து எழும் தொழிலாளர்களின் வாயில் வழங்கும் பெயர். ஆனால் ஊருக்குப் பெயர் கொடுத்த அந்த மக்களை இங்கே யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கம்பெனி எண், அறை எண், கட்டில் எண், பஸ் எண், விசாவில் ஓர் எண். செவிலியராகிய நானும் டோக்கன் எண்ணைச் சொல்லித்தான் நோயாளியை உள்ளே அழைக்கிறேன்.

இரத்த அழுத்தம் பார்க்கும் அந்த இரண்டு நிமிடத்தில் நம் ஊர்த் தம்பிமார் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. "இன்னும் ரெண்டு வருஷம் சிஸ்டர். கடன் முடிஞ்சதும் ஊருக்குப் போய் வாழ ஆரம்பிச்சிருவேன்." அப்படியானால் இப்போது நடப்பது என்ன? அதிகாலை பஸ்ஸும், வெயிலும், ஓவர்டைமும், இரவு வீடியோ காலும் வாழ்க்கைக் கணக்கில் சேராதா? தேவன் நமக்கென்று வைத்திருக்கும் நோக்கம் ஊரில் மட்டும் காத்திருக்கிறதா? இந்தக் கேள்விக்கு விடை தேடும்போது, நாம் மிதித்து நடக்கிற இதே வளைகுடா மண்ணின் பழைய வரலாறு எனக்கு உதவியது. அதில் வரும் சிலரை இந்த இதழில் உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்.

வேலூரும் வளைகுடாவும்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அறியாத தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் இருக்காது. ஐடா ஸ்கடர் அம்மையாரின் தாத்தா ஜான் ஸ்கடர் 1819-இல் யாழ்ப்பாணத்துக்கு மருத்துவ மிஷனரியாக வந்தவர். ஜானின் பிள்ளைகள் 1853-இல் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்ட ஐடா, மருத்துவம் படித்துத் திரும்பினார். 1900-இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். 1909-இல் செவிலியர் பள்ளியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தன. இந்தியாவில் செவிலியப் படிப்புக்குப் பட்டம் முதன்முதலாக 1946-இல் தொடங்கியது. தொடங்கிய இரண்டு இடங்கள் டெல்லியும் வேலூரும். என்னைப் போன்றவர்கள் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்வதன் வேர் அங்கே இருக்கிறது.

இந்த ஆற்காடு மிஷனைத் தாங்கியது அமெரிக்காவின் சீர்திருத்த சபை. அதே சபையின் இளைஞர்கள் 1889-இல் அரேபிய மிஷன் என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். சாமுவேல் ஸ்வெமர், ஜேம்ஸ் கேன்டைன் என்ற இரண்டு இறையியல் மாணவர்களும், அவர்களுடைய பேராசிரியர் ஜான் லான்சிங்கும் தொடங்கியது அது. சபையின் மிஷன் போர்டிடம் அப்போது பணம் இல்லை. ஆகவே அவர்கள் தாங்களே காணிக்கை திரட்டிப் புறப்பட்டார்கள். 1894-இல் சபை அந்த மிஷனை ஏற்றுக்கொண்டது. பஹ்ரைனிலும் மஸ்கட்டிலும் குவைத்திலும் எழுந்த மிஷன் மருத்துவமனைகள் அந்த மரத்தின் கிளைகள். நம்முடைய வேலூருக்கு அவை ஒருவகையில் உடன்பிறப்புகள்.

அன்றைய வளைகுடாவில் எண்ணெய்ப் பணம் கிடையாது. முத்துக்குளிப்பும் பேரீச்சையும் ஒட்டகமும் மீனும்தான் பிழைப்பு. பஹ்ரைனில் 1903-இல் மேசன் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஸ்வெமரின் மனைவி ஏமி, பயிற்சி பெற்ற செவிலியர். 1904 ஜூலையில் அவர்களுடைய இரண்டு பெண் குழந்தைகளும் எட்டு நாள் இடைவெளியில் இறந்து பஹ்ரைன் மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார்கள். அங்கே பணிசெய்த மருத்துவத் தம்பதியரில் மேரியன் தாம்ஸ் 1905-இல் காய்ச்சல் கண்டு இறந்தார். அவருடைய கணவர் ஷரோன் தாம்ஸ் 1913-இல் மஸ்கட் அருகே மத்ராவில் ஒரு விபத்தில் மரித்தார். அப்படி அம்மாவையும் அப்பாவையும் இந்த மண்ணுக்குக் கொடுத்த மகன் வெல்ஸ் தாம்ஸ், பின்னாளில் தானும் மருத்துவராகி ஓமனுக்கே வந்து 1970 வரை ஊழியம் செய்தார்.

ஷரிஃபா

1921-இல் கொர்னேலியா டேலன்பெர்க் என்ற அமெரிக்கச் செவிலியர் பஹ்ரைனுக்கு வந்தார். இல்லினாய் மாநிலத்தின் விவசாயக் குடும்பத்துப் பெண். அரேபிய மிஷனில் ஒரு கண்டிப்பான ஒழுங்கு இருந்தது. புதிதாக வருபவர் யாராக இருந்தாலும் முதலில் அரபு மொழி படிக்க வேண்டும், தேர்வும் எழுத வேண்டும். நோயாளிகள் வாசலில் காத்திருந்தாலும் மாணவராக உட்கார வேண்டும். கைத்தொழில் தெரிந்தவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும் காரியம். ஆனால் செவிலியப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும், "எங்கே வலிக்கிறது?" என்று நோயாளியின் தாய்மொழியில் கேட்டாலே பாதிப் பயம் விலகும்.

கொர்னேலியா என்ற பெயர் அரபுப் பெண்களின் நாவில் எளிதாக வருவதில்லை. அவர் அவர்களுக்கு ஷரிஃபா ஆனார். மதிப்புக்குரியவள் என்று பொருள். அந்தப் பெயரோடு அவர் வளைகுடாவில் 40 ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த 40 ஆண்டுகளுக்குள் ஜப்பானின் வளர்ப்பு முத்து வந்து பஹ்ரைனின் முத்துத் தொழில் விழுந்தது. எண்ணெய் கிடைத்தது. ஓர் உலகப்போர் வந்து போனது. ஷரிஃபாவின் வேலை மட்டும் மாறவில்லை: காயத்தைக் கழுவுவது, பிரசவம் பார்ப்பது, குழந்தைக்குக் கண்ணில் மருந்து விடுவது. முதுமையில் எழுதிய நினைவு நூலுக்கும் அவர் வைத்த தலைப்பு ஷரிஃபா என்பதே.

மரக்காலுடன் ஒரு மருத்துவர்

அடுத்தவர் நமக்கு மிக அருகில், ஷார்ஜாவில் வாழ்ந்தவர். டாக்டர் சாரா ஹாஸ்மன். சிறுவயதிலேயே ஒரு காலை இழந்தவர், மரக்காலோடு நடந்தவர். அந்தக் காலத்தில் பெண் மருத்துவம் படிப்பதே அரிது. ஒரு கால் இல்லாத பெண் மருத்துவம் படித்து, பாலைவனத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் யார் சம்மதிப்பார்கள்? அவர் 1911-இல் மருத்துவப் பட்டம் பெற்று வளைகுடாவுக்கு வந்தார். 1913 முதல் மஸ்கட்டில் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, வயது எழுபதை நெருங்கும்போது, பலரும் ஓய்வு நாற்காலியைத் தேடும் பருவத்தில், அவர் ஷார்ஜாவுக்கு வந்து மறுபடியும் முதலிலிருந்து ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். 1964-இல் மரிக்கும்வரை ஷார்ஜா பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அவர் மருத்துவராக இருந்தார். சோனாப்பூரிலிருந்து ஷார்ஜா எல்லை எவ்வளவு பக்கம் என்று நமக்குத் தெரியும். அந்தச் சாலையில் ஊர்ந்து நகரும் நெரிசலில் பஸ் நிற்கும்போது, இந்த மணலில் மரக்காலை ஊன்றி நடந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய குறைபாடு அவருடைய வாழ்க்கைக் கதையின் ஒரு வரியாகத்தான் இருந்தது. தலைப்பாக இருக்கவில்லை.

லத்தீஃபாவும் கனத்தும்

ஐடா ஸ்கடர் அம்மையார் கொடைக்கானலில் கண்மூடியது 1960 மே மாதம். அதே ஆண்டு நவம்பரில், பேட் கென்னடி, மேரியன் கென்னடி என்ற அமெரிக்க மருத்துவத் தம்பதியர் தங்கள் பிள்ளைகளோடு அல் ஐன் சோலைக்கு வந்து சேர்ந்தார்கள். அழைத்தவர் அப்போது அந்தப் பகுதியின் ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஷேக் சாயித். பின்னாளில் இந்த அமீரக நாட்டையே உருவாக்கிய தலைவர். அங்கே தார்ச்சாலை இல்லை, மின்சாரம் இல்லை. பிறக்கும் குழந்தைகளில் பாதி பிழைப்பதில்லை, மூன்று தாய்மாரில் ஒருவர் பிரசவத்தில் இறந்துபோனார் என்று அந்த மருத்துவமனை தன் வரலாற்றில் குறிப்பிடுகிறது. மலேரியாவும் காசநோயும் ஒருபுறம். பிரசவமான பெண்ணுக்கு உள்ளே உப்பு வைக்கும் வழக்கம் இன்னொருபுறம். அதனால் உட்புறம் தழும்பேறி இறுகிவிடும். அடுத்த பிரசவத்தில் குழந்தை வெளியே வர வழியில்லாமல் தாய் துடிப்பாள். ஒரு செவிலியராக இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

ஷேக் சாயித் தம்முடைய மண்சுவர் விருந்தினர் இல்லத்தையே மருத்துவமனையாகக் கொடுத்தார். பேரீச்ச ஓலைக் குடிசைகள் பக்கத்தில் எழுந்தன. 1961 மார்ச் 11 அன்று ஷேக் சாயித்துக்கு ஒரு மகன் பிறந்தது அந்த மருத்துவமனையில்தான். அந்தக் குழந்தை இன்று இந்த நாட்டின் அதிபர் மேதகு ஷேக் முகமது பின் சாயித்.

1962-இல் அங்கே கனடா நாட்டுச் செவிலியர் கெர்ட்ரூட் டிக் வந்தார். வந்தவர் 38 ஆண்டுகள் தங்கினார். பெதுவின் குடும்பங்களின் கூடாரங்களில் உட்கார்ந்து காபி குடித்தார். அவர்களுடைய திருமணங்களுக்கும் துக்கங்களுக்கும் போனார். தம் கையில் பிறந்த பெண் குழந்தைகள் வளர்ந்து தாயாகி வருவதைப் பார்த்தார். அவருக்கு அந்த மக்கள் வைத்த பெயர் லத்தீஃபா. மென்மையானவள், இரக்கமுள்ளவள் என்று பொருள். அவர் மருத்துவர் அல்ல, செவிலியர். ஆனால் மக்கள் அந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்தாமல் டாக்டோரா லத்தீஃபா என்றே அழைத்தார்கள்.

கென்னடி என்ற பெயரும் அரபு நாவில் உருமாறி 'கனத்' ஆயிற்று. மருத்துவமனையின் பலகையில் ஒயாசிஸ் என்று எழுதியிருந்தாலும் ஊர் மக்கள் "கனத்துக்குப் போகிறோம்" என்றுதான் சொன்னார்கள். சில ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனையே தன் பெயரைக் கனத் மருத்துவமனை என்று மாற்றிக்கொண்டது. மக்கள் வைத்த பெயர் பலகையில் ஏற ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஆயின.

யோப்பாவின் அங்கிகள்

வேதாகமத்தில் இப்படி இரண்டு பெயர் உள்ள ஒரு பெண் உண்டு. யோப்பா பட்டணத்துத் தபீத்தாள். கிரேக்கு பாஷையில் தொற்காள் என்பார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். அவள் செய்த பிரசங்கம் ஒன்றும் அங்கே இல்லை. அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவிடம் காட்டியது அவள் தைத்துக் கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும்தான். ஓர் ஊசியும் நூலும் கொண்டு அவள் வாழ்ந்த வாழ்க்கைக்கு, அந்தத் துணிகளே சாட்சி.

ஷரிஃபா, சாரா, லத்தீஃபா, கனத், தொற்காள். இவர்களிடம் நான் கண்ட ஒற்றுமை ஒன்று. வாழ்க்கையின் நோக்கம் இன்னதென்று ஒரே நாளில் தெளிவாகத் தெரிந்த பிறகு வேலையைத் தொடங்கியவர்களாக இவர்கள் தோன்றவில்லை. கையில் ஒரு தொழில் இருந்தது. எதிரே மனிதர்கள் இருந்தார்கள். அந்த மனிதர்களுக்காக அந்தத் தொழிலை உண்மையாய்ச் செய்தார்கள், மறுநாளும் செய்தார்கள். வருடங்கள் போனபின், அவர்கள் யார் என்பதைச் சுற்றி இருந்தவர்களே கண்டு பெயரிட்டார்கள். நோக்கம் என்பது அப்படி மற்றவர்களின் வாயிலிருந்து நமக்குத் திரும்பி வருகிற ஒரு பெயர்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மதமாற்றப் பிரசாரத்துக்கு இடமில்லாத நாடு இது. அந்த ஒழுங்குக்குள் நின்று அன்பு செய்வதற்கு ஒரு தடையும் இல்லை. காயம் கழுவும் கை என்ன சொல்லுகிறது என்று யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

நம் நிலை வேறு அல்லவா?

"அவர்கள் மிஷனரிகள், சிஸ்டர். நாங்கள் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி வந்தவர்கள்" என்று நீங்கள் சொன்னால் அது நியாயமே. அவர்கள் விரும்பி வந்தார்கள். அவர்களுக்காக ஜெபிக்கவும் பணம் அனுப்பவும் ஒரு சபை இருந்தது. நம் தம்பிமாரில் பலர் வட்டிக்கு வாங்கி வந்தவர்கள். தங்கையின் கல்யாணம், அப்பாவின் மருந்து, வீட்டு அடமானம் எல்லாம் அவர்கள் தோளில் இருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் நின்றவனிடம் போய், நோக்கத்தோடு வாழ் என்று உபதேசம் செய்வது எளிது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்கு அனுப்பும் பணம் சிறிய காரியமல்ல. குடும்பத்துக்காக உழைப்பதும் தேவனுக்கு முன்பாக ஓர் ஊழியமே.

ஆனால் வேதாகமத்தில் விரும்பாமல் அந்நிய தேசத்துக்குப் போனவர்களும் உண்டு. நாகமானின் வீட்டில் இருந்த சிறுபெண்ணை நினைத்துப் பாருங்கள். கொள்ளையில் பிடிபட்டுப் போன அடிமை, அவள் பெயர்கூட எழுதப்படவில்லை. இருந்தாலும் எஜமானின் வியாதிக்காக அவள் மனம் இரங்கினாள். அவள் சொன்ன ஒரு வார்த்தை நாகமானை யோர்தான் வரைக்கும் கொண்டுபோனது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதமும் (29-ஆம் அதிகாரம்) இதையே சொல்லுகிறது. திரும்பிப் போவீர்கள், அது நிச்சயம். அதுவரைக்கும் மூட்டை கட்டியபடி உட்கார்ந்திருக்க வேண்டாம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கும் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்பதே அதன் கருத்து.

இதை வாழ்ந்து காட்டும் ஒரு தம்பியை எனக்குத் தெரியும். இராமநாதபுரம் பக்கம், சாரம் கட்டும் வேலை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். கேம்ப்புக்கு வந்த பிறகு இந்தியும் ஓரளவு வங்காளமும் காதால் கேட்டே கற்றுக்கொண்டார். அறையில் யாருக்கு உடம்பு சரியில்லாவிட்டாலும் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வருவார். நாங்கள் சொல்வதை அவர்கள் மொழியில் சொல்லுவார். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று கவரின் மேல் சூரியனும் நிலாவும் வரைந்து கொடுப்பார். பங்களாதேஷ் நண்பர்கள் முதலில் கேலியாக அவரை 'டாக்டர் சாப்' என்றார்கள். இப்போது அது கேலி இல்லை. கட்டில் எண்ணால் அறியப்பட்டவருக்கு அந்த அறை ஒரு பெயர் சூட்டியிருக்கிறது. ஐன் சோலையின் பெதுவின் பெண்கள் ஒரு செவிலியரை டாக்டோரா என்றதற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

முதலாவது, ஒரு மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். அரேபிய மிஷன் புதியவர்களை முதலில் மாணவராக உட்கார வைத்தது. நாளுக்கு ஐந்து வார்த்தை போதும். ஆறு மாதத்தில் அது 900 வார்த்தை. அரபோ, இந்தியோ, ஆங்கிலமோ, அது வேலையில் உங்களை உயர்த்தும். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரையும் உங்களுக்கு அண்டைவீட்டானாக்கும்.

இரண்டாவது, கையிலுள்ள தொழிலில் தேறுங்கள். தாலந்துகளின் உவமையில் எஜமான் தாலந்துகளின் எண்ணிக்கையைப் பாராட்டவில்லை, உண்மையைப் பாராட்டினார். பாதியில் நின்ற டிப்ளமோ இருந்தால் தபால் வழியில் முடிக்க வழி தேடுங்கள். ஓட்டுநர் உரிமம், வெல்டிங் சான்றிதழ், கணினி வகுப்பு எதுவானாலும் சரி. வாரத்தில் ஒரு மணி நேரத்தை ரீல்ஸிடமிருந்து மீட்டெடுங்கள்.

மூன்றாவது, உடலைப் பேணுங்கள். இதைச் செவிலியராகக் கண்டிப்போடு சொல்லுகிறேன். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை வெயிலில் வேலை செய்யக் கூடாது என்பது இந்த நாட்டின் சட்டம். அந்த நேரத்தில் நிழலில் இருங்கள், தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடியுங்கள். தண்ணீர் குறைவாகக் குடித்துச் சிறுநீரகக் கல்லோடு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். உடலும் தேவன் நமக்கு ஒப்படைத்த ஒரு தாலந்துதான்.

நான்காவது, ஒரு மனிதரைக் கவனியுங்கள். எல்லாரையும் அல்ல, ஒருவரை. நான்கு நாளாகச் சாப்பிடாமல் படுத்திருப்பவர், வீட்டிலிருந்து துக்கச் செய்தி வந்தவர், புதிதாக வந்து இரவில் தலையணையில் முகம் புதைத்து அழுகிறவர். அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மறுநாள் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சோனாப்பூரில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்கே தெரியும்.

ஊரிலிருந்து இந்த இதழை வாசிக்கும் பெற்றோரே, உங்கள் பிள்ளை அடுத்த முறை அழைக்கும்போது "பணம் அனுப்பிட்டியா?" என்பதற்கு முன்னால் "இன்னைக்கு யார்கூடப் பேசின? புதுசா என்ன கத்துக்கிட்ட?" என்று கேட்டுப் பாருங்கள். அவன் அங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறான் என்பதை நீங்கள் நம்பினால் அவனும் நம்புவான்.

வாலிபர் கூடுகையில் கலந்து பேச:

1. நாளைக்கே நான் இந்த அறையை விட்டுப் போனால், என்னோடு தங்கியிருப்பவர்கள் என்னைப் பற்றி எந்த ஒரு சொல்லைச் சொல்லுவார்கள்?
2. "ஊருக்குப் போனதும் செய்வேன்" என்று நான் தள்ளிவைத்திருப்பவற்றில், இந்த வாரமே இங்கே தொடங்கக்கூடியது எது?
3. என் தொழிலால் என் பக்கத்தில் இருப்பவருக்கு இன்று என்ன நன்மை செய்ய முடியும்?

ஜெபிப்போம்: அன்பின் பிதாவே, எண்களால் நாங்கள் அறியப்படுகிற இடத்தில் எங்களைப் பெயர் சொல்லி அறிந்திருக்கிறவர் நீர். இந்த மண்ணில் எங்களுக்கு முன் நடந்தவர்களுக்காக ஸ்தோத்திரம். திரும்பிப் போகும் நாளுக்காகக் காத்திருக்கையில் இன்றைய நாளை நாங்கள் வீணாக்காதபடி எங்கள் கைகளைப் பலப்படுத்தும். எங்கள் குடும்பங்களைக் காத்துக்கொள்ளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.